எது தெளிவாத் தெரியுது?

"ஒண்ணு, கிளினிக்கல். ரெண்டு, கவுன்சலிங். எது தெளிவாத் தெரியுது?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

மகள் சாப்பிட்ட தட்டை ஓரமாக நகர்த்தினாள். "ரெண்டு."

"அவசரப்படாதே. மறுபடி பாரு. ஒண்ணு..."

"ரெண்டுப்பா."

"சொல்லி முடிக்க விடும்மா. ஒண்ணு, கிளினிக்கல் சைக்காலஜி. ஆஸ்பத்திரி. வெள்ளைக் கோட்டு. நாலு பேர் எழுந்து நிப்பாங்க. ரெண்டு, கவுன்சலிங் சைக்காலஜி. ஒரு மேசை, ரெண்டு நாற்காலி. எதிர்ல ஒருத்தர் உக்காந்து அழுதுட்டிருப்பார்."

"ரெண்டு."

"ரொம்ப வேகமாச் சொல்றே."

வேகமாகச் சொல்கிறவர்களை அவர் நம்புவதில்லை. கண்ணாடிக்கடையின் பின்பக்க இருட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். உட்காருகிறவரின் மூக்கில் கனமான இரும்பு ஃபிரேமை மாட்டுவார். ஒரு லென்ஸைச் செருகுவார், எடுப்பார், வேறொன்றைச் செருகுவார். ஒண்ணா, ரெண்டா? இப்போ நல்லாத் தெரியுதா, முன்னாடி நல்லாத் தெரிஞ்சுதா? வாடிக்கையாளர்கள் அவரை 'ஒண்ணா ரெண்டா சார்' என்றே சொன்னார்கள். தனக்கு என்ன வேண்டும் என்று எவருக்கும் தெரியாது. இரண்டில் எது மேல் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். தொழிலில் அவர் கற்றது இதுதான். இன்னொன்றும் கற்றிருந்தார். முதல் பதில் எப்போதும் தப்பு. நாற்காலியை விட்டு எழுந்து ஓடும் அவசரத்தில் சொல்வது அது.

மகள் உளவியலில் இளங்கலை முடித்திருந்தாள். அடுத்து முதுகலை. கிளினிக்கல் உள்ளூர்க் கல்லூரியிலேயே இருந்தது. கவுன்சலிங் வேறு ஊரில், பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் இருந்தது. அங்கே இடங்களும் குறைவு. இந்த முறை விட்டால் ஒரு வருடம் வீண்.

"அவதான் சொல்லிட்டாளே" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. "ஹாஸ்டல்ல இருந்து படிக்கட்டும்."

"ஊர் ஒரு விஷயமே இல்லை. படிப்புதான் விஷயம். இவளுக்கு இன்னும் தெளிவு வரலை."

மகள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை மேசையின் மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"சரிப்பா. நான் ரெண்டுன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன தோணுச்சு?"

"எனக்கு என்ன தோணணும்? உன்னைப் பத்தில்ல பேசிட்டிருக்கோம்."

"ம்."

அந்த 'ம்' மேசைமேல் கிடந்தது. யாராவது அதை எடுத்தாக வேண்டும்போல் இருந்தது. அவர் எடுத்தார்.

"என்னையும் எங்கப்பா கேட்டார். கண்ணாடிக்கடையா, கடிகாரக்கடையான்னு. நான் கடிகாரம்னேன். கண்ணாடிக்கடையில சேத்துவிட்டார்."

"ஏன்?"

"அது வீட்டுக்குப் பக்கத்துல இருந்துச்சு."

"ம்."

"இதை எதுக்கு இப்போ சொன்னேன்?"

"தெரியலைப்பா. சொல்லணும்போல இருந்திருக்கு." அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னிக்கு இது போதும். நாளைக்கு இதே நேரம் பேசலாமா?"

"பேசித்தானே ஆகணும். உன் குழப்பம் தீர வேண்டாமா?"

பேசினார்கள். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு, அதே மேசை மூலையில். அவர் ஒண்ணு, ரெண்டு என்று ஒழுங்காகத்தான் ஆரம்பிப்பார். கொஞ்ச நேரத்தில் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அல்லது, மகளை முதல்நாள் பள்ளியில் விட்டுவிட்டு எதிர்க் கடையில் நின்று மதியம்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பற்றி. எப்படி அங்கே போனோம் என்று அவருக்கே விளங்காது. மகள் கடிகாரத்தைப் பார்ப்பாள். அன்றைக்கு அது போதும் என்பாள்.

"அப்படி என்னதான் பேசறீங்க ரெண்டு பேரும்?" என்றாள் மனைவி.

"அவளுக்குத் தெளிவு உண்டாக்கிட்டிருக்கேன்."

"உண்டாச்சா?"

"எங்கே? பிடிவாதமா ஒரே பதிலைச் சொல்றா."

இரண்டு லென்ஸில் ஆள் மசியவில்லை என்றால் மூன்றாவதைப் போட்டுப் பார்க்க வேண்டும். மைத்துனரை வரச் சொன்னார்.

மைத்துனர் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் அதிகாரி. கொஞ்ச காலமாக எடுப்பதைவிட அனுப்புவதே அதிகம். பெரிய பிஸ்கட் டின்னோடு வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

"இந்தக் காலத்துல கம்பெனி சைக்காலஜிதான் அத்தான். ஆர்கனைசேஷனல்னு பேர். ஏசி ரூம். யார் வேலைக்கு ஆவான், யார் ஆக மாட்டான்னு பாத்த மாத்திரத்துல சொல்லிடணும்."

"கேட்டுக்கோம்மா. இது மூணு" என்றார் கண்ணாடிக்காரர் திருப்தியாக.

"ஆக மாட்டாங்கன்னா எப்படி மாமா சொல்வீங்க?" என்று கேட்டாள் மகள்.

"கூப்பிட்டு, உக்கார வச்சு, தண்ணி குடுத்து, பதமாச் சொல்வேன். அதுக்கே தனியா டிரெய்னிங் போயிருக்கேன்."

"சொன்ன அன்னிக்கு நல்லாத் தூங்குவீங்களா?"

மைத்துனர் சிரித்தார். ஒரு பிஸ்கட்டை எடுத்தார். கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"போன மாசம் ஒருத்தன். சொல்லி முடிச்சதும் எழுந்து நின்னான். ரொம்ப நன்றி சார்னான். எதுக்கும்மா நன்றி? திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை."

"ம்" என்றாள் மகள்.

கண்ணாடிக்காரர் டீ எடுத்துவரப் போனார். அவர் திரும்பி வந்தபோது மைத்துனர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். டீ வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் கிளம்பினார். கொண்டுவந்த பிஸ்கட் டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

சில நாள் கழித்து மைத்துனருடைய மனைவி போன் செய்தாள்.

"அண்ணா, உங்க பொண்ணு இவர்கிட்ட என்ன சொன்னா?"

"ஒண்ணுமே சொல்லலையேம்மா. 'ம்'னா."

"ஆளை அனுப்பற வேலை இனிமே முடியாது, கேன்டீனைப் பாத்துக்கிறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கார். காலையில எழுந்து பாட்டுப் பாடறார் அண்ணா. எனக்குப் பயமா இருக்கு."

கண்ணாடிக்காரர் போனை வைத்தார்.

"என் தம்பி வேலை போயிடுச்சா?" என்றாள் மனைவி.

"போகலை. கேன்டீனுக்குப் போயிருக்கு."

"உங்க மூணாவது லென்ஸை இத்தோட கழட்டி வைங்க."

வீட்டு ஆட்களைக் கேட்டது தப்பு என்று அவருக்குத் தோன்றியது. விஷயம் தெரிந்தவரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டுக்கொண்டதுபோல் மறுநாளே ஒருவர் கடைக்கு வந்தார். உளவியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர். படிக்கும்போது எழுத்து நெளிகிறது என்றார். கண்ணாடிக்காரர் அவரை இருட்டறைக்கு அழைத்துப்போய், நாற்காலியில் உட்கார வைத்து, இரும்பு ஃபிரேமை மாட்டிக் கதவைச் சாத்தினார்.

"ஐயா, ஒரு சந்தேகம். ஒண்ணு, கிளினிக்கல். ரெண்டு, கவுன்சலிங். எது நல்லா இருக்கும்?"

"யாருக்கு?"

"என் பொண்ணுக்கு."

"பொண்ணு என்ன சொல்லுது?"

"அது ரெண்டுன்னுதான் சொல்லுது. அதை விடுங்க."

"அதை எப்படி விடறது?" என்றார் பேராசிரியர் ஃபிரேமுக்குள்ளிருந்து. கண்ணாடிக்காரரின் மூச்சு வேகமாக வருவதைக் கேட்டு இரக்கப்பட்டார். "சரி, இன்னும் எவ்வளவோ இருக்கு. குழந்தைகளுக்கானது இருக்கு. நரம்பு சம்பந்தப்பட்டது இருக்கு. குற்றவாளிகளைப் படிக்கிறது இருக்கு. விளையாட்டு வீரர்களுக்குன்னே தனியா ஒண்ணு இருக்கு..."

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கண்ணாடிக்காரரின் கை ஒவ்வொரு லென்ஸாக மாற்றியது. பழகிய கை. அது பாட்டுக்கு வேலை செய்தது. மனம் குற்றவாளிகளிடம் நின்றுவிட்டது. மகள் சிறைக்குள் உட்கார்ந்து 'ம்' என்பதையும், கைதிகள் எல்லோரும் கைக்குட்டையை எடுப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தது.

புதுக் கண்ணாடி தயாரானது. பேராசிரியர் வந்து மாட்டிக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். வாசற்படியை எதிர்பார்த்த இடத்தில் காலை வைத்தார். படி அங்கே இல்லை. சமாளித்து நின்று, கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடி விளம்பரத்துக்காக நிறுத்தியிருந்த அட்டைப் பெண்ணிடம், "உங்க ஆளைக் கொஞ்சம் கூப்பிட முடியுமாம்மா?" என்றார்.

கடை முதலாளியம்மா கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். வலது லென்ஸ் இடதில் இருந்தது. இடது வலதில் இருந்தது.

"என்ன சார் இது? உங்ககிட்ட இப்படி நடந்ததே இல்லையே."

"மேல படிக்கணும்மா. அந்த யோசனை."

"இந்த வயசுலயா?"

"எனக்கில்லை. பொண்ணுக்கு."

முதலாளியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு வாரம் லீவு எடுத்துக்கங்க. முடிவு பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் யார் கண்ணுலயும் கை வைக்காதீங்க."

பேராசிரியர்தான் அவரைச் சமாதானப்படுத்தினார். "பரவாயில்லை. கவுன்சலிங்ல போடுங்க. வீட்டுல ஒருத்தர் இருக்கிறது நல்லது."

லீவில் இருக்கிறவருக்குப் பகல் நீளம். கல்லூரிகளின் விவரப் புத்தகங்களை எல்லாம் மேசையில் பரப்பினார். கையில் இரண்டை எடுத்தார். வலது கை, இடது கை. மேலானதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளினார். கிளினிக்கலைவிட கம்பெனி மேல் என்று பட்டது. கம்பெனியைவிட குழந்தைகள் மேல். குழந்தைகளைவிட கிளினிக்கல் மேல். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் வட்டமாகவே வந்து நின்றது. ஆனால் கவுன்சலிங்கை எடுத்தபோதெல்லாம் அதை உடனே கீழே வைத்துவிட்டார்.

"யாருக்கு டெஸ்ட் பண்றீங்க?" என்றாள் மனைவி.

"அவளுக்கு."

"அவ குளிச்சிட்டிருக்கா."

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு இந்த வட்டத்தைப் பற்றி மகளிடம் சொன்னார். அவள் கவனமாகக் கேட்டாள்.

"லென்ஸ்ல இப்படி ஆனா என்ன அர்த்தம்ப்பா?"

"உக்காந்திருக்கிறவர் களைச்சுட்டார்னு அர்த்தம். இல்லேன்னா..."

அவள் காத்திருந்தாள்.

"இல்லேன்னா, எழுந்து போக மனசில்லைன்னு அர்த்தம். சில பேர் அப்படி வருவாங்க. வீட்டுல தனியா இருக்கிறவங்க. எதைப் போட்டாலும் இது மங்கல், அது மங்கல்னு சொல்லிட்டே இருப்பாங்க. அந்த இருட்டுல ஒருத்தர் அக்கறையா கேட்டுட்டே இருக்காங்கல்ல."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நானா? கேட்டுட்டே இருப்பேன். பின்னால எத்தனை பேர் காத்துட்டிருந்தாலும்."

அன்று அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் வந்தது. மகள் கவுன்சலிங்குக்கு மட்டும் அனுப்பினாள். அனுப்பிவிட்டதைச் சாதாரணமாகச் சொன்னாள். கண்ணாடிக்காரர் தலையாட்டினார். பிறகு, கறிகாய் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டுத் தெருமுனை இன்டர்நெட் கடைக்குப் போய், மகள் பெயரில் உள்ளூர் கிளினிக்கலுக்கும் அனுப்பினார். கறிகாய் வாங்க மறந்துவிட்டார்.

இரண்டு இடத்திலிருந்தும் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. ஒரே நாள். ஒன்று பத்து நிமிஷ தூரத்தில். இன்னொன்று அரை நாள் தூரத்தில். எதற்குப் போகவில்லையோ அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

மனைவி கத்தினாள். மகள் கத்தவில்லை. நாற்காலியை மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அதை அனுப்பும்போது எப்படி இருந்துச்சுப்பா?"

"நிம்மதியா."

"அனுப்பினதுக்கு அப்புறம்?"

"எலியை நானே கொண்டுவந்து வீட்டுக்குள்ள விட்ட மாதிரி." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். "உனக்குக் கோபமே வரலையா?"

"வந்துச்சு. குளியலறையில தண்ணியைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் கத்தினேன். இப்போ சரியாயிடுச்சு. எந்தப் பஸ்ல போகலாம், சொல்லுங்க."

"நானா சொல்லணும்?"

"எது தெளிவாத் தெரியுதோ அது."

"ஸ்டாப்புக்குப் போவோம். எது முதல்ல வருதோ அதுல ஏறுவோம்" என்றார்.

நேர்காணல் அன்று இன்னும் சரியாக வெளிச்சம் வராதபோதே கிளம்பினார்கள். மகள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். மனைவி வாசல்வரை வந்து, "ரெண்டு பஸ்ஸையும் விட்டுட்டு வந்து நிக்காதீங்க" என்றாள்.

உள்ளூர் பஸ்தான் முதலில் வந்தது. காலியாக இருந்தது. ஜன்னல் இருக்கைகள் எல்லாம் காலி. டிரைவர் நிறுத்தி, அவர்களைப் பார்த்தார்.

"இதுல ஏறலாமா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஏறலாம்னு தோணுதாப்பா?"

அவர் படியில் ஒரு காலை வைத்தார். மகள் அசையவில்லை. முறைக்கவும் இல்லை. பையின் பட்டையை மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. இத்தனை நாளில் அவள் முகத்தில் தெரியாதது அந்த விரல்களில் தெரிந்தது.

"ஏறுறதா இல்லையா பெரியவரே?" என்றார் டிரைவர்.

"இந்த பஸ் ரொம்பக் கூட்டமா இருக்கு" என்று சொல்லி அவர் காலை எடுத்துக்கொண்டார். காலி பஸ் போனது.

அரை நாள் பயணத்தில் மகள் தூங்கினாள். அவர் தூங்கவில்லை. வழியெல்லாம், இறங்கித் திரும்பிப்போக வசதியான ஸ்டாப்புகளை மனதில் குறித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றும் கடந்து போனது.

கல்லூரியில் நீளமான ஒரு வராந்தா. சுவரோரம் பெஞ்சு. மகளின் முறை வந்தபோது அவள் கதவருகே நின்று திரும்பினாள்.

"இங்கேயே உக்காந்திருங்கப்பா."

"எங்கே போகப்போறேன்?" என்றார் அவர்.

கதவு மூடியது. மற்றவர்களுக்கு ஆன நேரத்தைவிட அவளுக்கு அதிக நேரம் ஆனது. உள்ளே யாரோ சிரித்தார்கள். நிறையப் பேர் சிரித்தார்கள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. அட்டெண்டர் இரண்டு பிளாஸ்க்குகளோடு உள்ளே போனார். போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தவரிடம் வந்தார்.

"டீயா, காபியா சார்?"

"எது நல்லா இருக்கும்?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் சார் இருக்கும்."

"அப்போ காபி."

அட்டெண்டர் காபி பிளாஸ்க்கைத் திறந்தார்.

"இருங்க, இருங்க. வேகமாச் சொல்லிட்டேன். டீ குடுங்க."

காபியை மூடிவிட்டு டீயைத் திறந்தார்.

"இல்லே, ஒண்ணு பண்ணுங்க. ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் ஊத்துங்க. பாத்துட்டுச் சொல்றேன். உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே? கொஞ்சம் உக்காருங்களேன்."

அட்டெண்டர் பிளாஸ்க்குகளைத் தரையில் வைத்தார். மூடிய கதவைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இங்கே சேர வர்றவங்க நாலு வாரம் யாராவது ஒருத்தருக்கு கவுன்சலிங் குடுத்துட்டு வந்து, பேர் சொல்லாம அதைப் பத்திச் சொல்லணும் சார்; முடிவு வந்துட்டா மக வீட்டைவிட்டுப் போயிடுவாளேன்னு முடிவே வரவிடாம பாத்துக்கிட்ட ஒருத்தரைப் பத்தி உள்ள ஒரு பொண்ணு சொல்லிட்டிருக்கே, அது நீங்கதானா?"